அப்பா ஓய்வு பெறுவதற்குள் ரூமா சிலாங்கூர்கு வீடு: யார் பெயரில் வாங்குவது?

கேள்வி: பெஸ்தாரி ஜெயா மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் மூன்று தலைமுறைகளாகக் குடியிருந்து வருகிறோம். அப்பாவுக்கு 59 வயதாகிறது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். எனக்கு 27 வயது. ஈஜோக்கில் ஒரு தொழிற்சாலையில் எழுத்தராக 2,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அம்மா இரவுச் சந்தையில் வடையும் கறிபாப்பும் விற்கிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிலாங்கூர் மாநில அரசின் மலிவு விலை வீட்டுத் திட்டமான ரூமா சிலாங்கூர்குவில் பதிந்து வைத்திருந்தேன். புஞ்சாக் ஆலாம் பகுதியில் கட்டப்படவிருக்கும் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு 180,000 வெள்ளி விலையில் சென்ற வாரம் எனக்குத் தேர்வுக் கடிதம் வந்துள்ளது. அந்தக் கடிதத்தை அம்மா சாமி மாடத்தில் வைத்துவிட்டார். அப்பா வீட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, படுக்கையறை எத்தனை சாண் வரும் என்று தம் கையாலேயே அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால், எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை.

அண்ணனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம் என்பதால் அவர் பெயரையும் சேர்த்து வாங்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவருக்குப் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனில் நிலுவை இருக்கிறது; சுங்கை சிப்புட்டில் பாட்டி விட்டுச் சென்ற வீட்டிலும் அவர் பெயரில் ஒரு பங்கு இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? என் சம்பளத்திற்கு மட்டும் வங்கி கடன் கொடுக்குமா? விற்பனை முகவர், வீட்டை உறுதிசெய்ய இந்த வாரமே 2,000 வெள்ளி கட்டச் சொல்கிறார். கட்டலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கடன் அதிகாரி

தங்கையே, வணக்கம். நான் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன். உங்கள் கேள்விகளில் பெயர் யாருடையது என்பதே மற்ற எல்லாவற்றையும் முடிவுசெய்யும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பெயரில் மட்டும் வாங்குங்கள்.

முதல் வீடு வாங்குபவருக்கு, 500,000 வெள்ளி வரையுள்ள வீட்டின் உரிமை மாற்றப் பத்திரத்திற்கும் கடன் பத்திரத்திற்கும் முத்திரை வரி விலக்கு 2021 முதல் நடப்பில் இருக்கிறது. 180,000 வெள்ளி வீட்டுக்கு, முதல் 100,000-க்கு ஒரு விழுக்காடும் மீதிக்கு இரண்டு விழுக்காடுமாக 2,600 வெள்ளி வரி வரும். விலையில் தொண்ணூறு விழுக்காடான 162,000 வெள்ளிக் கடனுக்கு அரை விழுக்காடு, அதாவது 810 வெள்ளி. இந்த 3,410 வெள்ளியும் உங்களுக்கு மிச்சமாகும். ஆனால், வாங்குபவருக்கு இதற்குமுன் குடியிருப்பு வீடு எதுவும் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. பரம்பரையாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீடும் இந்தக் கணக்கில் சேரும். பாட்டி வீட்டில் உள்ள பங்கு சிறியதாக இருந்தாலும், அண்ணன் பெயரைச் சேர்த்தால் இந்தச் சலுகைக்கு இடர் வரும். மாநில வீடமைப்பு வாரியமும் வேறு வீடு இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறது. அண்ணனுடைய கல்விக்கடன் நிலுவையோ, வங்கிகள் பார்க்கும் சி.சி.ரிஸ். என்னும் கடன் வரலாற்று அறிக்கையில் தெரியும், அதைப் பார்த்ததும் வங்கி தயங்கும்.

அடுத்து, உங்கள் சம்பளம். நான்கு விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு 162,000 வெள்ளி கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 717 வெள்ளி வரும். ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கும் போக உங்கள் கைக்கு 2,380 வெள்ளி அளவில் வரும் என்று கொள்கிறேன். மோட்டார் சைக்கிள் கடன் இருந்து அதற்கு 200 வெள்ளி போனாலும், மொத்தத் தவணைச் சுமை நாற்பது விழுக்காட்டைத் தாண்டாது. இது வங்கி மறுக்கக் கூடிய கணக்கு அன்று. 35 ஆண்டுகள் என்பது உங்கள் வயதுக்குத்தான் கிடைக்கும். வங்கிகள் பொதுவாகக் கடனாளியின் 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று பார்ப்பதால், அப்பா பெயரில் வாங்கினால் பதினோரு ஆண்டுகளே மிஞ்சும். தவணை மலையாக ஏறிவிடும்.

ஒருவேளை வங்கி தயங்கி, அம்மாவின் வருமானத்தையும் காட்ட வேண்டி வந்தால், எஸ்.ஜே.கே.பி. என்னும் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளுக்காகவே 2008-இல் அது தொடங்கப்பட்டது. அதற்கு அம்மா இன்றிலிருந்தே சந்தை வசூலைத் தம் பெயரிலுள்ள கணக்கில் தவறாமல் போட்டு வரட்டும், எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவையும் செய்துவிடுங்கள். டப்பாவில் சேரும் பணம் எவ்வளவாக இருந்தாலும் அது வங்கியின் கண்ணுக்குத் தெரியாது.

முன்பணம் 18,000 வெள்ளி. ஊழியர் சேமநிதியில் வீட்டு விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தோடு விலையில் பத்து விழுக்காட்டையும் சேர்த்து எடுக்கலாம். உங்கள் கணக்குப்படி 36,000 வெள்ளி வரை. ஆனால், 2024 மே மாதம் முதல் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அவற்றில் வீடு போன்ற தேவைகளுக்கான செஜாத்ரா கணக்கில் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். அது குறைவாகவே இருக்கும். அதுவும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, கடன் ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகே வரும். ஆகையால் அப்பா இப்போது கைமாற்றாகக் கொடுத்து, சேமநிதிப் பணம் வந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவருக்கு 55 வயது கடந்துவிட்டதால், அந்த வயது வரை சேர்ந்த சேமிப்பை எடுக்கத் தடையில்லை. தயவுசெய்து அவருடைய சேமநிதி முழுவதையும் வீட்டில் போட்டுவிடாதீர்கள். ஓய்வுக்குப்பின் மருந்துச் செலவுக்குக் கையேந்திய அப்பாக்களை நான் என் மேசைக்கு எதிரில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்.

பதில் 2: கிள்ளான் வழக்கறிஞர் அலுவலக ஊழியர்

முகவர் கேட்கும் 2,000 வெள்ளியைக் கட்டாதீர்கள். 1989-ஆம் ஆண்டு வீடமைப்பு விதிமுறைகளின்படி, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தவணைகளை மட்டுமே வாங்கலாம். முன்பதிவுப் பணம் வாங்கிய மேம்பாட்டாளருக்கு, வீட்டை ஒப்படைக்கும் காலக்கெடு அந்தப் பணத்தை வாங்கிய நாளிலிருந்தே தொடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. முகவர் வற்புறுத்தினால், எந்த விதியின்கீழ் கேட்கிறார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். மேம்பாட்டாளரின் உரிமமும், விளம்பர, விற்பனை அனுமதியும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்பதை வீடமைப்பு அமைச்சின் தெடுஹ் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்; அங்கே கட்டுமானத்தின் நிலையும் தெரியும்.

பதில் 3: ஐந்தாம் மாடி அம்மா

மகளே, நானும் உன்னைப் போலத் தோட்டத்தில் பிறந்தவள்தான். மலிவு விலைத் திட்டமொன்றில் 150,000 வெள்ளிக்கு வீடு வாங்கி, சாவி கிடைக்கும் வரை பட்ட பாட்டைச் சொல்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எங்கெங்கே விழித்திருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

அடுக்குமாடி வீட்டை ஒப்பந்த நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தரை வீடாக இருந்தால் 24 மாதங்கள். எனக்கு 214 நாள்கள் தாமதமாகச் சாவி கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் இழப்பீடு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாளைக்கு 41 வெள்ளிச் சொச்சம். மொத்தம் 8,790 வெள்ளிக்கு மேல். நிறுவனம் அதைக் கொடுக்காமல், "நல்லெண்ணத் தொகை" என்று 1,000 வெள்ளிக்கு ஒரு காகிதத்தை நீட்டி, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டது. என் மகன் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் தப்பித்தேன். வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி மனுக் கொடுத்தோம். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். என் அரைகுறை மலாயிலேயே பேசினேன், முழுத் தொகையும் கிடைத்தது. மனுவுக்குக் காலக்கெடு உண்டு. வீடு கட்டி முடிந்த சான்றிதழ் வந்தபின், அல்லது குறைகளை நிறுவனம் சரிசெய்து தர வேண்டிய காலம் முடிந்தபின், 12 மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சாவி வாங்கிய அன்று பூசை போடுவதற்கு முன் குறைகளைப் பார். நான் குளியலறையில் நீர் போகும் துளையைத் துணியால் அடைத்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரப் பெண்மணியோடு அவர் கூரையைப் பார்த்தபோது, விளக்கைச் சுற்றி ஒரு தட்டளவு ஈரம் படர்ந்திருந்தது. அந்த ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்தேன். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எழுதிக் கொடுத்த குறைகளை 30 நாள்களுக்குள் அவர்கள் சரிசெய்ய வேண்டும். வீட்டு விலையில் ஐந்து விழுக்காடு அவர்களுடைய வழக்கறிஞரிடம் பொறுப்பில் இருப்பதே அதற்காகத்தான். வாய்வார்த்தையாகச் சொன்ன குறைக்கு மதிப்பே கிடையாது.

ஒன்றை மறந்துவிடாதே. தவணையோடு பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடு ஒதுக்கு நிதியும், நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரியும் சேரும். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் பராமரிப்புப் பணம் கட்டாததால் மின்தூக்கி மாதக்கணக்கில் நிற்கும். நான் ஐந்தாம் மாடிக்குச் சமையல் எரிவாயுத் தோம்பைப் படியேற்றித் தூக்கிச் சென்றிருக்கிறேன்.

பதில் 4: பழைய பத்தாங் பெர்ஜுந்தை

பிள்ளை, கடனைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் அப்பாவைப் பற்றிச் சொல்ல வருகிறேன்.

1950-களின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தோட்ட மக்கள் பெட்டி படுக்கையோடு சாலையோரத்தில் நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டச் சொன்னார். என் அப்பா பால்மரம் சீவிய கூலியிலிருந்து அதைக் கட்டினார். உன் 717 வெள்ளியும் எனக்கு அந்தப் பத்து வெள்ளியின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. ஆகையால் இந்த வாய்ப்பை விட்டுவிடாதே.

ஆனால், கட்டடம் எழும்பச் சாதாரணமாகவே மூன்று ஆண்டுகள் ஆகும். அப்பா ஓய்வு பெறுவதோ அடுத்த ஆண்டு. இடையிலுள்ள காலத்திற்கு எங்கே இருப்பது என்பதை யாரும் இங்கே கேட்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை காத்திராமல், இப்போதே தோட்ட நிர்வாகத்திற்குக் கடிதம் எழுதி, தேர்வுக் கடிதத்தின் நகலையும் இணைத்து, வீடு முடியும் வரை குறைந்த வாடகைக்கோ வாடகையின்றியோ தங்க அனுமதி கேளுங்கள். தொழிற்சங்கத்தின் வழியாகவும் அனுப்புங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சான்றோடு கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டால் வாடகையும் தவணையும் ஒன்றாக விழும். கட்டுமானக் காலத்தில் வங்கி விடுவித்த தொகைக்கு மட்டுமே வட்டி கட்டுவதால் தொடக்கத்தில் சுமை குறைவாக இருக்கும். கட்டடம் உயர உயர அது கூடும். அதைக் கணக்கில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, தரைத்தள வீடு கிடைக்குமா என்று மேம்பாட்டாளரிடம் இப்போதே கேள். நாற்பது ஆண்டுகள் குலை வெட்டிய முழங்கால், மின்தூக்கி நின்ற நாளில் படி ஏறாது. ஐந்து ஆண்டுகளுக்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது என்பதால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மாடி வீட்டை ஏற்காதே.

மறுமொழி: பெஸ்தாரி ஜெயா மகள்

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்து வெள்ளிப் பங்குப்பணத்தைப் பற்றிய வரியில் அவர் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாத்தா வைத்திருந்த பங்குப் புத்தகம் பழைய பெட்டியில் இருப்பதாகச் சொன்னார்.

முகவருக்குப் பணம் கட்ட முடியாது என்று எழுதி அனுப்பினேன். ஒப்பந்தத் தேதி முடிவானதும் அழைப்பதாகப் பதில் வந்தது. தெடுஹ் தளத்தில் உரிமத்தைப் பார்த்துவிட்டேன், நடப்பில் இருக்கிறது. அண்ணன் தன் பெயர் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டு, கல்விக்கடன் நிலுவையை மாதந்தோறும் அடைக்கத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்து வங்கிக்குப் போகிறேன். தோட்ட நிர்வாகத்திற்கான கடிதத்தை அப்பாவே தம் கையால் எழுத வேண்டும் என்கிறார். தரைத்தளத்தில் இரண்டு வீடுகள் இன்னும் ஒதுக்கப்படாமல் இருப்பதாக விற்பனை அலுவலகத்தில் சொன்னார்கள். விண்ணப்பத்தோடு அப்பாவின் முழங்கால் சிகிச்சை அட்டையின் நகலையும் வைத்திருக்கிறேன்.