குல்மார்க்கில் ஸ்னோபோர்டிங்: மேலே தங்குவதா, கீழே தங்கி ஏறுவதா?

தலவாக்கலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் மகன், ஸ்னோபோர்டிங் (இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குவது) பழகியே தீருவேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆகவே பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் மூவருமாகக் காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சென்று ஆறு நாட்கள் தங்கலாம் என்று நினைக்கிறோம். நானும் மனைவியும் பலகையில் ஏறப் போவதில்லை. மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் அறை சூடாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் பெரிய கவலை.

மலைக்கு மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் நிலையத்துக்கு அருகிலுள்ள ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவுக்குக் கேட்கும் பணத்தில், 13 கிலோமீற்றர் கீழே உள்ள தங்மார்க்கில் மூன்று இரவுகள் தங்கிவிடலாம். அவ்வளவு கொடுத்து மேலே தங்குவதில் உண்மையான பயன் உண்டா? தை மாதத்து விடியலில் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குளிர் என்ன புதிதா என்கிறான் மகன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:

ஐயா, நம் ஊர்க் குளிர் வெயில் ஏறியதும் போய்விடும், அங்கே போகாது. குல்மார்க் ஏறத்தாழ 2650 மீற்றர் உயரத்தில், அதாவது நமது பீதுருதலாகல உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது. பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை இறங்குவதுண்டு.

நான் என் மச்சான்மார் இருவருடன் போனபோது, விலையைப் பார்த்து நடுத்தரமான ஓர் இடத்தைப் பிடித்தோம். சரிவுக்கு ஐந்து நிமிட நடை என்று எழுதியிருந்தார்கள். முழங்கால் வரை பனி கிடக்கும்போது, பலகையைத் தோளில் சுமந்துகொண்டு அந்த ஐந்து நிமிடத்தை நடக்க எங்களுக்கு இருபத்தைந்து நிமிடங்கள் பிடித்தன. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கற்றுக்கொள்பவர் நாள் முழுவதும் பனியில் உட்கார்ந்து எழுந்துகொண்டே இருப்பார் என்பதால், மாலையில் கையுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். எங்கள் ஹோட்டலில் உலர்த்துவதற்கென்று ஓர் அறை இல்லை. படுக்கைக்கு அடியில் மின்கம்பளம் இருந்ததே தவிர அறையின் காற்று சூடாகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பூட்ஸுக்குள் காலை விட்டபோது உள்ளே இருந்த பஞ்சுறை விறைத்துக் கிடந்தது. பின்னர் சமையற்கட்டுப் பையன் இரக்கப்பட்டு, புகாரி என்று அவர்கள் சொல்லும் விறகடுப்பின் பக்கத்தில் எங்கள் பூட்ஸ்களை அடுக்கிவைத்தான். கடைசி மூன்று நாட்களும் நாங்கள் நிம்மதியாகச் சறுக்கியது அந்த அடுப்பின் புண்ணியத்தில்தான்.

முதல் நான்கு நாட்கள் மகனுக்குக் கொண்டோலாவே தேவைப்படாது, ஏனென்றால் பழகுபவர்களுக்கான சாய்வான வெளி கீழ் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கொண்டோலாவின் முதற்கட்டம் கொங்தூரி வரையும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3950 மீற்றர் உயரமுள்ள அபர்வத் மலையின் தோள் வரையும் செல்கிறது. அந்த மேற்சரிவு பழகியவர்களுக்கே உரியது. 2023 பெப்ரவரியில் அங்கு ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். வேடிக்கை பார்க்க மட்டும் மேலே போவதாக இருந்தாலும், வந்த முதல் நாளே போகாதீர்கள். உயரம் பழகாமல் தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்றைய பொழுது வீண்.

ஹட்டன் பயணி:

மேலே தங்குவது பணத்தை வீணாக்குவது என்பது என் கருத்து. நாங்கள் தங்மார்க்கில் தங்கி, காலையில் வாடகை ஜீப்பில் ஏறி, மாலையில் இறங்கினோம். மிச்சமான பணத்தில் மகளுக்கு இரண்டு நாட்கள் கூடுதலாகப் பயிற்றுநர் கிடைத்தார்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:

வானம் தெளிந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. பனி கொட்டிய நாளில் சங்கிலி பூட்டிய சக்கரம் இல்லாத வாகனங்களை மேலே விடமாட்டார்கள், சில வேளைகளில் வீதியே மூடப்படும். ஆனால் புதுப்பனி விழுந்த காலைதான் பலகைக்கு மிக அருமையான நேரம். அந்த நேரத்தில் கீழே மாட்டிக்கொண்டால் வயிறு எரியும்.

நுவரெலியா ஹோட்டல் ஊழியர்:

நான் குல்மார்க்குக்குப் போனதில்லை. ஆனால் இருபது வருடங்களாக அறை விற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மத்திய சூடேற்றம் உண்டு என்ற ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இயங்கும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அதையும் தாங்குமா அல்லது விளக்குகளை மட்டும் எரியவைக்குமா, குழாயில் சுடுநீர் நாள் முழுவதும் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல ஹோட்டல்காரர் நேரத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுவார். "கவலைப்படாதீர்கள் சார்" என்று மட்டும் பதில் வந்தால், எங்கள் தொழிலில் அதற்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும்.

பனி விழாவிட்டால் முன்பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பு நிறமாகக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். மேலும், பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு விளையாட்டு உள்ளடங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். புதிதாகப் பழகுபவர் விழும்போது கையை ஊன்றுவதால் முதலில் அடிபடுவது மணிக்கட்டுதான்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்:

மணிக்கட்டுக்கான பாதுகாப்புக் கவசத்தை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். பலகை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். எந்தக் கால் முன்னால் என்று கடையில் கேட்பார்கள். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. காலுறையுடன் வழுவழுப்பான தரையில் ஓடிச் சறுக்கிப் பார்த்தால், எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ அதுவே விடை.

தலவாக்கலைவாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. பழகும் முதல் நான்கு இரவுகளையும் மேலேயே, சற்றுச் சிறிய அறையாக இருந்தாலும் உலர்த்தும் அறை உள்ள இடத்தில் கழித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளுக்குக் கீழே இறங்குவது என்று தீர்மானித்திருக்கிறோம். இரண்டு ஹோட்டல்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். ஒன்றிலிருந்து சூடேற்றும் நேரம் மாலை ஐந்து முதல் காலை ஒன்பது வரை என்று பதில் வந்தது. மற்றொன்றிலிருந்து "கவலைப்படாதீர்கள் சார்" என்றே வந்தது.

மகன் நேற்றிரவு எங்கள் சிவப்புச் சிமெந்துத் தரையில் நான்கு முறை சறுக்கிப் பார்த்தான். நான்கு முறையும் வலது கால்தான் முன்னால் போனது. நான்காம் முறை அவன் அம்மாவின் தையல் இயந்திரத்தில் போய் முட்டினான்.