அப்பாவுக்கு 62 வயது: மஜ்ஜை மாற்று அவசியமா?

கேள்வி (மன்னார்குடி):
அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய். முதுகுவலியை நடவு வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்தே கழித்துவிட்டார். நான்கு சுற்று மருந்தில் நோய் நன்றாக அடங்கியிருக்கிறது. இப்போது மஜ்ஜை மாற்றுக்கு வரச் சொல்கிறார்கள். அடங்கிய நோய்க்கு எதற்கு? என் சித்தப்பா மஜ்ஜை தர வேண்டுமா? குறுவை அறுப்பு வேறு நெருங்குகிறது.

பதில் (கும்பகோணம்):
தம்பி, என் கணவருக்கும் இதே நோய்தான். சித்தப்பா எதுவும் தர வேண்டாம். அப்பாவின் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களை, அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, பிரித்து உறையவைப்பார்கள். புற்றுச் செல்களை அழிக்கும் மெல்ஃபலான் மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள்; அது மஜ்ஜையையும் அழித்துவிடும் என்பதால் பிறகு அவற்றைத் திருப்பிச் செலுத்துவார்கள். மருந்து ஏறும்போது இவர் ஐஸ் கட்டியை மென்றுகொண்டே இருந்தார், வாய்ப்புண் குறையும். செல் ஏறிய அன்று அறை முழுக்கப் பூண்டு வாடை! அது உறையவைக்கச் சேர்க்கும் மருந்தின் வாடையாம்.

பதில் (திருவாரூர், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்):
உடல் தாங்குமென்றால், முதல்கட்ட மருந்துக்குப் பின் இதைச் செய்யவே சிகிச்சை நெறிமுறைகள் சொல்கின்றன. நோயை வேரறுக்காது, திரும்புவதைத் தள்ளிப்போடும். பிறகு பெரும்பாலும் நோயை அடக்கிவைக்க லெனாலிடோமைட் மாத்திரை தொடரும். உடன்பிறந்தவர் மஜ்ஜை என்பது பெரும்பாலும் லுக்கேமியா போன்ற வேறு இரத்தப் புற்றுநோய்களுக்கு. அதுவும் ஒருவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான்.

கேட்டவர்:
நன்றி அக்கா, ஐயா. அறுப்பைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். களத்துக்காவது போகலாமா என்கிறார் அப்பா.

பதில் (கும்பகோணம்):
சில மாதம் வைக்கோல் பக்கமே விடாதீர்கள். அதிலிருக்கும் பூஞ்சை நுரையீரலுக்கு ஆகாது.