பத்மினிக்கு இ20 தாங்கும் டயாஃப்ரம் தேவை

பிரீமியர் பத்மினி, 1089 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தபின் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) உப்பிப்போய் விறைக்கிறது. ஹோஸின் உள்பக்கம் உதிர்ந்து, கருப்புத் துகள் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃபுளோட் சேம்பரில் தங்குகிறது. வண்டி நின்றே கிடந்தால் எத்தனால் ஈரத்தை இழுத்து, டேங்க் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிகிறது. துரு அங்கேதான் ஆரம்பம்.

வளைகுடாவில் குண்டு விழுந்தால் கச்சா எண்ணெய் விலை ஏறும், அதனால் எத்தனால் கலப்பு, நியாயம் புரிகிறது. ஆனால் சாஃப்ட்வேர் அப்டேட் கேட்கும் காருக்கு மாற மனசில்லை.

தேவை இவைதான்: வைட்டான் (எத்தனால் தாங்கும் ரப்பர்) டயாஃப்ரம் கிட், 6 மி.மீ. உள்விட்டமுள்ள எத்தனால் தாங்கும் ஹோஸ். சென்னை, கோவையில் எங்கே கிடைக்கும்? சாதா நைட்ரைல் ரப்பர் வேண்டாம். எத்தனாலால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிவதால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை) ஒரு அளவு பெரிதாக்கியவர்கள், ஸ்பார்க் பிளக் நிறம் வெளுப்பிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததா, சொல்லுங்கள்.