தட்டச்சு கைவந்த பிறகும் கையால் எழுத வேண்டுமா?

மைத்தடம்:
"இனிமே கையெழுத்துப் பழகுறது நேர விரயம், அந்த நேரத்துல ஒழுங்கா டைப்பிங் கத்துக்கலாம்" என்று இன்னொரு இழையில் விசைவிரல் எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, அதனால் தனியாகத் தொடங்குகிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நானும் பகல் முழுக்கத் தட்டச்சு செய்கிறவன்தான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தாளும் பேனாவும் வேண்டும். கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்தால் காதில் விழுவதெல்லாம் அப்படியே விரல் வழியாக இறங்கிவிடுகிறது. முடிந்ததும் பார்த்தால் பக்கம் பக்கமாக இருக்கும், மண்டையில் ஒன்றும் நின்றிருக்காது. பேனா அவ்வளவு வேகமாக ஓடாது. எது முக்கியம், எதை விடலாம் என்று அங்கேயே முடிவெடுத்தாக வேண்டும். முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். மடிக்கணினிக்காரர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் இறக்கிவைத்தார்கள். கருத்தை விளங்கிக்கொண்டு பதில் எழுத வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள்.

விசைவிரல்:
அந்த 2014 ஆய்வை எல்லாரும் எடுத்துக் காட்டுறாங்க, அதுக்கப்புறம் நடந்ததை யாரும் சொல்றதில்ல. 2019-லயும் 2021-லயும் வேற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. மடிக்கணினியில சொல்லுக்குச் சொல் அடிக்கிறாங்கங்கிறது மறுபடியும் வந்துச்சு. ஆனா தேர்வுல பெரிய வித்தியாசம் தெரியல.

சொல்றதையெல்லாம் அடிக்கிறது பழக்கம், அதுக்கு விசைப்பலகை என்ன பண்ணும்? கையெழுத்துக்கு இரட்டைக்கோடு நோட்டு போட்டு வருசக்கணக்கா பழக்கிவிட்டாங்க. டைப்பிங்குக்கு யார் அப்படி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க? பெரும்பாலானவங்க தானாவே ரெண்டு விரலோ நாலு விரலோ வச்சுத் தேடித் தேடிக் கத்துக்கிட்டவங்க. நல்லாப் பழகின கையையும் பழகாத கையையும் மோதவிட்டு, தோத்ததுக்குக் கருவியைக் குறை சொல்றீங்க.

எழுத்தாணி:
விசைவிரல் சொன்ன பழக்கம் பற்றி ஒரு தகவல். ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 1,68,000 பேரின் தட்டச்சைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வேகமானவர்கள் முந்தைய விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்ததை அழுத்திவிடுகிறார்கள். அதே ஆல்டோவில் 2016-இல் 30 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வில், பத்து விரலும் முறையாகப் பழகியவர்களும் தாமாகவே ஆறேழு விரலில் பழகிக்கொண்ட சிலரும் வேகத்தில் சமமாகவே இருந்தார்கள். ஆனால் தாமாகப் பழகியவர்களின் கண் திரைக்கும் விரலுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது. எனக்கு வேகத்தை விட இதுதான் பெரிய விஷயம். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் யோசனை எங்கே ஓடும்? எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேட்டைத் தடவி விரல்களை வைக்கப் பழகினாலே பாதிச் சிக்கல் தீரும்.

மைத்தடம்:
சரி, பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மூளைக்குள் நடப்பதற்கு என்ன சொல்வீர்கள்? நார்வேயில் 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகள் கொண்ட வலையை மாட்டி எடுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கின. தட்டச்சில் அந்த அளவுக்கு இல்லை.

விசைவிரல்:
அந்த ஆய்வுல எப்படித் தட்டச்சு செய்யச் சொன்னாங்கன்னு பார்த்தீங்களா சார்? வலது கை ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணால. பத்து விரலையும் ஓட்டத் தெரிஞ்சவனைக் கூப்பிட்டு ஒத்த விரலால குத்தச் சொல்லிட்டு, மூளை அவ்வளவா வேலை செய்யலைன்னா என்ன அர்த்தம்? அதோட, இணைப்பு கூடுனா கற்றலும் கூடிடும்னு அதுல சோதிச்சுப் பார்க்கவும் இல்ல.

சிலேட்டுக்காரி:
பெரியவர்கள் குறிப்பெடுப்பதை வைத்தே இருவரும் வாதாடுகிறீர்கள். சிறு பிள்ளைகளை விட்டுவிட்டீர்கள். எழுத்தறிவிப்பதுதான் என் வேலை, அதனால் இதில் நான் உறுதியாகவே பேசுவேன்.

'கொ' என்று எழுதுங்கள். கை முதலில் கொம்பைச் சுழிக்கிறது, பிறகு 'க', கடைசியில் கால். ஒரு ஒலிக்கு மூன்று உறுப்பு, இரண்டு பக்கமும் அணைத்து நிற்கின்றன. இதை விரல் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு 'கெ', 'கே', 'கொ', 'கோ' நான்கும் எங்கே பிரிகின்றன என்று கண்ணில் பட்டவுடன் தெரியும். விசையில் பழகுகிற பிள்ளை 'க' தட்டி 'ஒ' தட்டுகிறது, முழு எழுத்தும் தானாக வந்து நிற்கிறது. அது எப்படிக் கட்டப்பட்டது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. சுழி மேலே வளைந்தால் 'கோ' என்று நான் சொல்லும்போது சுழியைத் தேடுகிறது.

இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து கரின் ஜேம்ஸ் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பின்னால் பார்க்கும்போது, மூளையில் படிப்பதற்குப் பயன்படும் பகுதிகள் விழித்துக்கொண்டன. விசையைத் தட்டியோ புள்ளிகளின் மேல் இழுத்தோ பழகிய எழுத்துகளுக்கு அப்படி நடக்கவில்லை. பிள்ளைகளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கும் யோசனையை மட்டும் யாரும் முன்வைக்காதீர்கள்.

எழுத்தாணி:
சிலேட்டுக்காரி அக்கா, பிள்ளைகள் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம். ஆனால் 'க'வுக்குப் பிறகு 'ஒ' என்பது ஒலியின் வரிசை. வாய் அப்படித்தான் சொல்கிறது, தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு அதைத்தான் பின்பற்றுகிறது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'தந்தை'க்கும் நான்குதான். தமிழ் இலக்கணம் தெரிந்தவர் உட்கார்ந்து அமைத்தது போல இருக்கும்.

கெடுதல் எங்கே என்றால், ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பதிலும், கைப்பேசி நீட்டும் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுவதிலும்தான். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே சாவியைத் தட்டிவிட்டு வந்ததை ஏற்றுக்கொண்டால், எது சரி என்று முடிவெடுக்கும் பொறுப்பு கைமாறிவிடுகிறது. இதைத் தட்டச்சின் குறை என்று சொல்ல வேண்டாம், தட்டச்சுப் பழகாததன் குறை.

இடக்கையன்:
எல்லாரும் படிச்சவங்க, நல்லா எழுதுறீங்க. நான் இடது கைக்காரன். எழுதுன ஈர மை மேலேயே என் கை நகரும், எப்பவும் சுண்டுவிரல் பக்கம் கறுப்பா இருக்கும். பேனாவை இறுக்கிப் பிடிச்சு நடுவிரல்ல காய்ப்பு. பள்ளிக்கூடத்துல என் விடைத்தாளை யாரும் ஒழுங்காப் படிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஒரே விடை, அழகான கையெழுத்துல இருந்தா மார்க் கூட விழுதுன்னு ஆய்வுகளே சொல்லுது. தட்டச்சுக்கு வந்த பிறகுதான் நான் என்ன சொல்றேன்னு மத்தவங்க கவனிச்சாங்க, எப்படிக் கிறுக்குறேன்னு பார்க்கல. கை நடுங்குறவங்க, எழுத்தே கோணிப்போற குறைபாடு இருக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் விசைப்பலகை எவ்வளவு பெரிய விடுதலைன்னு கையெழுத்து அழகா இருக்குறவங்களுக்குப் புரியாது.

மைத்தடம்:
இடக்கையன், நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு உரிமையே இல்லை. தேவைப்படுகிறவருக்குத் தட்டச்சு கிடைத்தே ஆக வேண்டும். நான் பேசுவது இரண்டும் முடிந்தும் ஒன்றைக் கைவிடுகிறவர்களைப் பற்றி. விசைவிரலுக்கு ஒரு பதில் பாக்கி: 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2024-இல் வந்தது. தட்டச்சில் குறிப்பு அதிகம், தேர்வில் கைக்குறிப்புக்காரர்கள் கொஞ்சம் மேலே. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. அம்புக்குறி, ஓரக்குறிப்பு, அவசரப் படம், கணக்கில் ஒரு பின்னம், இதையெல்லாம் விசைப்பலகையில் போட்டுப் பாருங்கள். அடித்துத் திருத்தியதும் தாளில் கிடக்கும், ஏன் மனம் மாறினேன் என்று மறுநாள் தெரியும். திரையில் அழித்தது அழிந்ததுதான்.

விசைவிரல்:
கணக்கு, படம் சரி, ஒத்துக்கறேன். குறிப்பெடுக்கவும் பேனாவே இருக்கட்டும். ஆனா நீளமா ஒரு கட்டுரையோ அறிக்கையோ எழுதுறதுக்கு? ஒரு பத்தியைத் தூக்கி மேல வைக்கணும்னா தாள்ல முழுசா திரும்ப எழுதணும். அந்த அலுப்புக்குப் பயந்தே முதல் வரைவோட நிறுத்திடறாங்க. திருத்தித் திருத்தி எழுதுறதுதான் எழுத்துன்னா, திரைதான் அதுக்குச் சரி. அப்புறம் தேர்வு. வேலையில எல்லாமே தட்டச்சு, தேர்வுல மட்டும் மணிக்கணக்கா கை வலிக்க எழுதணும்ங்கிறது அநியாயம். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிலேட்டுக்காரி:
ஒரே தேர்வறையில் பாதிப் பேர் பேனா, பாதிப் பேர் விசை என்றால் தட்டச்சுக்காரர் அதே நேரத்தில் அதிகம் எழுதிவிடுவார். சொல்திருத்தியும் துணைக்கு இருக்கும். அது மட்டும் நியாயமா தம்பி?

இடக்கையன்:
சொல்திருத்தியை அணைச்சுட்டுக் குடுக்கலாம் அக்கா. விடைக்கு இத்தனை சொல்லுக்கு மேல கூடாதுன்னு வரம்பு வச்சுட்டா அதிகம் எழுதுறதுல லாபம் இல்ல. எது வேணும்னு எழுதுறவங்களையே கேளுங்க.

சிலேட்டுக்காரி:
பெரிய வகுப்புகளுக்கு என்றால் சரி. ஆரம்ப வகுப்புகளுக்கு என் பதில் மாறாது.