மாசச் சம்பளம் இல்லாத ஓவியருக்கு எந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் சரிப்படும்?

வியாசை_தூரிகை:
சுவர் ஓவியம், புத்தக அட்டை, போர்ட்ரெய்ட்னு வர்ற வேலையைச் செய்றேன். எனக்கு 33, மனைவிக்கு 30, குழந்தைக்கு 4, அம்மாவுக்கு 59, அவங்களுக்கு சுகர் இருக்கு. நாலு பேருக்கும் ஒரே பாலிசி போடலாமா? முதலமைச்சர் காப்பீடு கிடைக்குமா? ஐடி ரிட்டர்ன் கேப்பாங்களா?

ராயபுரம்_கணக்கு:
குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னா முதல்ல முதலமைச்சர் திட்டம்தான். 5 லட்சம் வரைக்கும் கவர், பிரீமியம் கிடையாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கிட்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்க. மனைவி சம்பாதிச்சா அதையும் சேர்த்துத்தான் குடும்ப வருமானம். பலருக்கும் இடிக்கிறது ரேஷன் கார்டுலதான்: அதுல பேர் இல்லாதவங்களைச் சேர்க்க முடியாது. குழந்தை பேர் ஏறலைன்னா முதல்ல அதை முடிங்க. திட்டப் பட்டியல்ல உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான் பணம். காய்ச்சலுக்கு ஓபி பாத்தா வராது. சந்தேகத்துக்கு 1800 425 3993.

பாலிசி_பெரம்பூர்:
வருமானம் அந்த வரம்பைத் தாண்டினா தனியார் பாலிசிதான். அம்மாவை உங்க ஃப்ளோட்டர்ல, அதாவது குடும்பம் மொத்தமும் ஒரே தொகையைப் பகிர்ந்துக்கிற பாலிசில, சேக்காதீங்க. குடும்பத்துல மூத்தவங்க வயசை வச்சுத்தான் பிரீமியம் போடுவாங்க, மொத்தமும் ஏறிடும். உங்க மூணு பேருக்கு ஒண்ணு, அம்மாவுக்குத் தனியா ஒண்ணு.

அம்மா சுகரை மறைக்கச் சொல்ற ஏஜென்ட் இருந்தா ஆளை மாத்துங்க. சொல்லிட்டு எடுத்தா சுகர் சம்பந்தமான சிகிச்சைக்குப் பணம் கிடைக்க அதிகபட்சம் 36 மாசக் காத்திருப்பு, அவ்ளோதான். மறைச்சா 60 மாசத்துக்குள்ள எந்த கிளெய்மையும் தள்ளுபடி பண்ண அவங்களுக்குக் காரணம் கிடைச்சுடும்.

பட்ஜெட் இடிச்சா ஆரோக்கிய சஞ்சீவனிங்கிற பாலிசியைப் பாருங்க; எந்தக் கம்பெனில எடுத்தாலும் விதி ஒண்ணுதான், பிரீமியம்தான் மாறும். ஆனா ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில 2 சதவீதம், அதுவும் நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல போகாது. 8,000 ரூபாய் ரூம்ல படுத்தா கூடுதல் 3,000 மட்டும் உங்க கைக்காசுன்னு நினைச்சுடாதீங்க. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ்னு ரூமை ஒட்டின பில்லையும் எட்டுல அஞ்சு பங்காக் குறைப்பாங்க. 1,60,000 பில் ஆனா கணக்குல வர்றது 1,00,000. அதுலயும் 5 சதவீதம் நீங்கதான் கட்டணும். மருந்துக்கு இந்த வெட்டு இல்ல. அட்மிஷன் போடும்போதே வாடகையைக் கேட்டு ரூம் எடுங்க.

மருத்துவ பாலிசிக்கு ஐடி ரிட்டர்ன் பெரும்பாலும் தேவைப்படாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. பழைய கொட்டேஷன் வச்சிருந்தா புதுசா வாங்குங்க.

வியாசை_தூரிகை:
நன்றிங்க. மாசத் தவணையில கட்டலாமா? சாரத்துல ஏறியும் வேலை பாக்கறேன், அதையும் சொல்லணுமா?

ராயபுரம்_கணக்கு:
கட்டலாம், ஆனா உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மாசத் தவணைக்கு கிரேஸ், அதாவது கெடு தாண்டியும் கட்டக் கிடைக்கிற அவகாசம், 15 நாள்தான். பார்ட்டி பேமென்ட்டை இழுத்தடிச்சா பாலிசி லேப்ஸ். புதுசா எடுத்தா அம்மாவோட காத்திருப்பு திரும்ப ஒண்ணுலேர்ந்து. பெரிய வேலை காசு வந்ததும் ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிடுங்க.

சாரம் ஏறுறதை விண்ணப்பத்துல கண்டிப்பா எழுதுங்க. பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்குப் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுடுங்க, ஆனா அது விபத்தால வர்ற உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். வலது கை முறிஞ்சு ரெண்டு மாசம் பிரஷ் பிடிக்க முடியலைன்னா பைசா வராது. அதுக்கு தற்காலிக முடக்கத்துக்கு வாராவாரம் பணம் தர்ற தனிநபர் விபத்து பாலிசி வேணும். ஐடி ரிட்டர்ன் கேக்குறது அங்கதான். வரி வராத வருமானமா இருந்தாலும் வருஷா வருஷம் ஃபைல் பண்ணி வைங்க.