பாரிஸ் நோத்ர தாம் எதிர்க்க இருக்க சின்ன பார்க், அம்மாவ கூட்டிட்டு போலாமா?

பாளை_பையன்:
அண்ணாச்சிமாரே, வர்ற மே மாசம் அம்மாவ பாரிஸ் கூட்டிட்டு போறேன், தங்கச்சி அங்கனதான் இருக்கா. அம்மாக்கு முட்டு வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது, ஆனா அந்த பெரிய சர்ச் நோத்ர தாம் பாத்தே ஆவணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க (நம்ம பாளை ஊசிக்கோபுரம் சர்ச்ச விட பெருசாலன்னு வேற கேக்காங்க, என்னத்த சொல்ல). அதுக்கு எதிர்ல, செய்ன் ஆத்துக்கு அந்தக் கரைல ரெனே விவியானி பார்க்னு ஒண்ணு, ஒட்டுனாப்ல பழைய சர்ச் ஒண்ணு இருக்காம். மாப்ள என்னடான்னா வஉசி மைதானத்துல ஒரு மூலைக்கு காணாது, அதுக்கு எதுக்கு போய்க்கிட்டுங்காரு. ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா?

ஆத்தங்கரை_ஆச்சி:
தம்பி, கண்டிப்பா போங்க. நான் மகன் கூட போனேன், அவன் போட்டோ எடுக்கேன்னு எங்கயோ போயிட்டான், நான் பெஞ்சுல உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. அங்க ஒரு மரம், 1601ல நட்டதாம், பாரிஸ்லயே வயசான மரம் அதுதாங்காங்க. ராஜாவோட தோட்டக்காரர் ழான் ரொபேன் அமெரிக்கால இருந்து வந்த விதைய போட்டு வளத்தது, மரத்துக்கே ரொபீனியான்னு அவர் பேருதான். அடிமரம் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, சிமெண்ட்ல முட்டு குடுத்து நிறுத்தியிருக்காங்க, மேல பாத்தா பச்சப்பசேல்னு தழைச்சு நிக்கி. கீழ கெடந்த இலைய எடுத்துப் பாத்தா அப்படியே நம்ம அகத்திக்கீரை, காம்புக்கு ரெண்டு பக்கமும் குட்டி குட்டியா. எனக்கு நம்ம ஆழ்வார்திருநகரில நம்மாழ்வார் இருந்த அந்த பழைய புளியமரம் ஞாபகம் வந்துட்டு. அங்கன உக்காந்தே நோத்ர தாம பாத்துக்கிடலாம்.

கல்லுப்பைத்தியம்:
ஆச்சி கோவிச்சுக்காதீய, பார்க் மட்டும்னா பத்து நிமிஷம் போதும், 1928ல தொறந்த பார்க்தான அது. சர்ச்தான் விஷயம். ஸேன் ஜூலியன் லெ போவ்ர், நோத்ர தாம் வேலை நடந்த அதே 12ஆம் நூற்றாண்டுலயே இதுவும் ஆரம்பிச்சது. 1889ல இருந்து மெல்கைட் கத்தோலிக்கர்கிட்ட (கிரேக்க முறைல கும்பிடுத மத்தியகிழக்கு கத்தோலிக்கர்) இருக்கு, கிரேக்கத்துலயும் அரபிலயும் ஜெபம் நடக்கும். உள்ள சின்னதா, இருட்டா இருக்கும், பீடத்துக்கு முன்னால படமா வெச்ச மரத் தடுப்பு ஒண்ணு நிக்கும் பாருங்க. பூசை நேரத்துல போட்டோ எடுக்கேன்னு செல்போன நீட்டிராதீய. அப்புறம் பார்க்ல அங்கங்க செதுக்குன கல்லு கெடக்கும், 19ஆம் நூற்றாண்டுல நோத்ர தாம பழுது பாத்தப்ப கழட்டுனது, கோயில் திருப்பணி முடிஞ்சா பழைய கல்லெல்லாம் தெப்பக்குளத்தோரமா கெடக்குமே அதே கததான்.

பாளை_பையன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மெட்ரோல போவலாமா? நோத்ர தாம்க்கு டிக்கெட் உண்டா?

கல்லுப்பைத்தியம்:
மெட்ரோ வேண்டாம் தம்பி, பக்கத்து ஸ்டேஷன் ஸேன் மிஷேல், எறங்குனா படியா இருக்கும், முட்டு வலிக்காரங்கள கொன்னுரும். பஸ்லயே போங்க. நோத்ர தாம் 2019 தீ விபத்துக்கப்புறம் 2024 டிசம்பர்ல தொறந்துட்டாங்க, டிக்கெட் கெடையாது, ஆன்லைன்ல ஓசியா டைம் புக் பண்ணலாம். புக் பண்ணலைன்னா வரிசைல நிக்கணும். ஒண்ணு செய்ங்க, மொதல்ல பார்க்ல அம்மாவ உக்கார வைங்க, நேரம் ஆவவும் பாலத்த தாண்டுங்க, அஞ்சு நிமிஷ நட.

பாளை_பையன்:
சரிண்ணே. அகத்தி மாதிரின்னு ஆச்சி எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன், அம்மா மொத கேள்வியே "கூட்டு வைக்கலாமால?"ன்னுதான்.

ஆத்தங்கரை_ஆச்சி:
ஐயய்யோ, இலை பட்டை எல்லாம் விஷம். பூவுல மட்டும் அந்த ஊர்க்காரங்க பஜ்ஜி போடுவாங்களாம், மே மாசந்தான் வெள்ளையா கொத்து கொத்தா பூக்கும். அதுக்காவ பார்க்ல பறிச்சு கிறிச்சு வெச்சுராதீய.