மெரினாவில் அம்மா நின்ற இடம் எது?

பீரோவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. புதுப் பெண்ணாக அம்மா, பின்னால் பட்டை போட்ட லைட் ஹவுஸ், இடப்பக்கம் கடல். எங்கே, எப்போது எடுத்தது?

பதில்: முக்கோணக் கோபுரமா? அது 1977இல் திறந்தது. அதற்கு முன் விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் இருந்தது. கடல் இடப்பக்கம் என்பதால் கேமரா தெற்கே பார்க்கிறது. நிழல்?

கேட்டவர்: முக்கோணம்தான். நிழல் வலப்பக்கம், நீளமாக. சாயங்காலம் என்று அம்மா சத்தியம் செய்கிறார்.

பதில்: வலம் மேற்கு, நிழல் அங்கே விழுந்தால் சூரியன் கிழக்கே, அப்போ காலை! நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கெதற்கு வம்பு.

இன்னொருவர்: நெகட்டிவைத் திருப்பி வைத்துக் கழுவி, இடம் வலம் மாறிவிட்டதோ? முந்தானை எந்தத் தோளில்?

கேட்டவர்: இடது தோள்தான்.

பதில்: சரி, படம் நேர்தான். லைட் ஹவுஸோடு ஒரே நேராகத் தெரியும் சிலையோ கட்டடமோ இருந்தால், கூகுள் எர்த்தில் இரண்டையும் கோட்டால் இணைத்து வடக்கே நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டில்தான் இருந்திருக்கும்.